மாடி வீட்டுத் துக்கம்

வியாழக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். வடகறி அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு டிபன் கடை வேண்டா நிமிர்ந்தபோது, மாடி வீட்டு சோஷனா ஒரு துணிப்பையோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்தப் பெண் படியிறங்கி வந்தது அன்றைக்குத்தான்.

"நீ எதுக்குக் கண்ணு எறங்கி வந்த? ஒரு கொரல் குட்த்தா நா மேல வர மாட்டனா?"

"அக்கா, இதை ஊற வைக்கணும்."

பைக்குள் ஒரு கிலோ காய்ந்த மொச்சை இருந்தது. "இந்த வருஷம் நீயே ஊற வை. முளை கட்டு. தோல் எடு. என் கை வராது" என்றாள் சோஷனா.

புதுப்பட்டினத்தில் வேண்டாவின் வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு ஒரு டிபன் கடை. அணுமின் நிலையத்துக்குக் காலை ஷிப்ட் போகிற ஒப்பந்தக் கூலிகள் ஏழு மணிக்குள் நாஸ்தா முடித்துக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேண்டாவிடம் யாரும் ஊர்க்கதை பேச முடியாது. ஆனால் அன்றைக்கு அவள் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, இட்லிக்கு நின்றவர்களைப் பார்த்து, "அவங்கவங்களே எட்த்துப் போட்டுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சோஷனாவை உள்ளே அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

சோஷனா மாடியில் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் ரூபேன் நாகாவ்கர் அணுமின் நிலையத்தில் இன்ஜினீயர். சொந்த ஊர் மும்பைக்குப் பக்கத்தில் தாணே. வீட்டில் பேசுவது மராத்தி, கும்பிடுவது யூதர்களின் சாமி. இது தெரியாமல் எதிர் மளிகைக்கடை தேவசகாயம் ஆறு மாசம், "சார், இந்த ஞாயித்துக்கெழமையாவது சர்ச்சுக்கு வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் ரூபேன் விளக்கிச் சொன்னதும், "அப்போ நீங்க எங்களுக்கு அண்ணன் மொற சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் அரிசி விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு.

மொச்சை விஷயம் போன வருஷமே வேண்டாவுக்குத் தெரியும். சோஷனா அதை ஊறப்போட்டு, முளை கட்டி, தோலைப் பிதுக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தபோது, "அடிப்பாவி, இது நம்ம பிதுக்குப் பருப்பு! இது தாணேக்கு எப்ப போச்சு?" என்று வாயில் கை வைத்தவள் அவள். அவர்கள் சாதியில் அதற்குப் பேர் பிர்டா.

"எப்ப வேணும் கண்ணு?"

"ஞாயிறு சாயங்காலம். நட்சத்திரம் வந்ததும் சாப்பிடணும்."

"ஞாயித்துக்கெழம ஆடிப் பதினெட்டாச்சே!"

"எங்களுக்கு அன்னைக்கு நோன்பு. அழுகிற நோன்பு." சோஷனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க கோயிலை எரிச்ச நாள். ரெண்டு தடவை எரிச்சாங்க. உலகத்துல எங்க ஜனம் எங்கே இருந்தாலும் அன்னைக்குத் தரையில உட்காரணும். சாப்பாடு இல்லை, தண்ணி இல்லை, குளிக்கிறது இல்லை. தோல் செருப்பு போடக் கூடாது."

"எத்தினி வருசம் ஆச்சு எரிச்சி?"

"ரெண்டாவது எரிச்சதே ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுது."

"யம்மாடி! அதுக்கா இன்னும் அழுவுறீங்க?"

"ஆமா அக்கா. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி போனதுக்கு அழலாம். ஒன்பது நாள் இருந்து போனதுக்கு அழக் கூடாது."

வெளியே யாரோ, "அக்கா, சட்னி கீதா?" என்று கத்தினார்கள். அது வேண்டாவின் காதில் விழவில்லை.

ஆனி மாசத்தில் நடந்தது. ஏழாவது மாசத்திலேயே வலி கண்டு, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சோஷனாவுக்கு வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். உள்ளங்கை அளவுதான். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பத்தாம் நாள் விடியலில் ரூபேன் வேண்டாவின் புருஷன் ஜானகிராமனுக்குப் போன் செய்து வேனைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு ஆம்பளைகளும் குழந்தையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டு மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினார்கள். தாய் அப்போது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்துக் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர்கள் சட்டத்தில் முப்பது நாள் நிறையாத குழந்தைக்குத் துக்கம் கிடையாதாம். ஏழு நாள் தரையில் உட்காருவது, விளக்கேற்றுவது, நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வது, எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் நாள் தொட்டிலில் போட்டுத்தான் பேர் வைப்பார்கள். அதற்கும் மூன்று நாள் குறைந்துபோயிற்று. தாணேயிலிருந்து மாமியார் போனில் சொன்னாள்: "எங்கே புதைச்சோம்னு அவகிட்ட சொல்லாதே. போனால் அங்கேயே கிடப்பாள். அடுத்த வருஷம் ஒண்ணு பிறந்தால் எல்லாம் சரியாகும்." ரூபேன் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை.

குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் தேவசகாயம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். அது அவர் அப்பா காலத்து வழக்கம். இந்தச் சாவுக்கு யாரும் எதையும் இறக்கவில்லை. சாவு நடந்தது வெளியூரில், புதைத்தது வேறு ஊரில். கேட்டவர்களிடம் "கொழந்த தங்கலியாம்" என்று வேண்டாவே குரலைத் தாழ்த்திச் சொல்லிவைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் சோஷனாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகிப்போய், ரவிக்கை எல்லாம் நனைந்து, அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டா நாலு முழம் மல்லிப்பூ வாங்கிவந்து மார்பில் பரப்பி, பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டினாள். மூன்று நாள் பூ மாற்றிப் பூ மாற்றிக் கட்டினாள். பால் வற்றியது. அந்த மூன்று நாளும் சோஷனா கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதுதான் வேண்டாவுக்குப் பயமாக இருந்தது.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை நான் உட்காரணும் அக்கா. எல்லாரும் உட்காருற நாள். நான் யாருக்காக உட்கார்ந்தேன்னு யார் கேப்பாங்க? ஆனா ரூபேன் வேணாம்னு சொல்றார். டாக்டர் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு சொன்னாராம், ரத்தம் கம்மியாம்."

"அது மெய்தானே கண்ணு."

"இந்த ஒரு நாள் போனா எனக்கு வேற நாள் இல்லை. ஒண்ணுதான் கஷ்டம். அதுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாததை என்ன சொல்லி அழுறது?"

*

மொச்சை வியாழன் ராத்திரி ஊறி, வெள்ளிக்கிழமை ஈரத்துணியில் மூட்டையாகி, சனிக்கிழமை துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளை நீட்டியது. சனி சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் மாடியில் விளக்கை அணைத்து ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ரூபேன் ஏதோ புத்தகத்திலிருந்து இழுத்து இழுத்துப் படிப்பது கீழே கேட்டது. ராகம் ஒப்பாரி மாதிரியே இருந்தது.

"இன்னாடி இது, நாளைக்கு நல்ல நாளு, மேல எளவு பாட்டு?" என்றான் ஜானகிராமன்.

"இன்னாவோ நீ பெரிய சாஸ்திரி. பேசாம சோறு துன்னு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேண்டா தலைக்குக் குளித்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று நாலு வகை கிளறினாள். பாலாறு கடலில் விழுகிற இடத்துக்குத் தெருப் பெண்களோடு போய், காப்பரிசி படைத்து, ஈர மணலில் கற்பூரம் கொளுத்தினாள். ஆடிக் காற்று மூன்று தீக்குச்சியை அணைத்து நாலாவதில்தான் விட்டது. வீட்டுக்குத் திரும்பியபோது மணி பத்து.

மாடிப் பெண் நினைப்பாகவே இருந்தது. எத்தனை நாளைக்கு அந்த முகத்தைப் பார்ப்பது? பூவும் மஞ்சளுமாக ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் கொஞ்சம் தெளியாதா? தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல், இரண்டு முழம் மல்லி. தூக்குவாளியில் தயிர் சாதம், நட்சத்திரம் வந்த பிறகு சாப்பிட. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வேண்டா படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. நாற்காலிகளைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சோஷனா கசங்கிய பருத்திச் சுடிதாரில், தலை வாராமல், வெறுந்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாகீறியா கண்ணு? ஆடிப் பெருக்கு, எல்லாம் பெருகி வரணும்" என்று சொல்லிக்கொண்டே வேண்டா குனிந்து பூவை நீட்டினாள்.

சோஷனா "வா அக்கா" என்று சொல்லவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேண்டாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட இந்தப் பெண் "வா அக்கா" சொல்லாமல் இருந்ததில்லை.

அதற்குள் பூ வாசனை அந்தப் பெண்ணை எட்டிவிட்டது. சோஷனாவின் இரண்டு கையும் தானாக மேலே வந்து மார்பைப் பொத்திக்கொண்டன. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வேண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த பூவைப் பார்த்தாள். எந்தப் பூவை வைத்து இந்தப் பெண்ணின் பாலை வற்றவைத்தாளோ, அந்தப் பூ.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். ரூபேன் பின்னாலேயே படிவரைக்கும் வந்தார். வெறுங்கால், மூன்று நாள் தாடி.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இன்னைக்கு நாங்க யாருக்கும் வணக்கம் சொல்றதில்லை. வாங்கன்னும் சொல்ல மாட்டோம், சௌக்கியமான்னும் கேட்க மாட்டோம். துக்க வீடு மாதிரி."

"மாதிரி இன்னா சார்? துக்க வூடுதான்" என்றாள் வேண்டா. "எங்களுக்கும் அதானே! எளவு வூட்ல யாரும் வான்னு கூப்புட மாட்டாங்க. கெளம்பும்போது போய்ட்டு வரேன்னு சொல்லக் கூடாது. பூ வெச்சிகினு போவக் கூடாது. அம்பது வயசு ஆவப்போவுது, எல்லாம் தெரிஞ்ச பொம்பள நானே சிங்காரிச்சிகினு வந்து நின்னேனே!"

கொண்டையிலிருந்த பூவைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிவிட்டாள்.

*

மத்தியானம் திருப்போரூர் முருகன் கோயில் சவாரியை முடித்துவிட்டு ஜானகிராமன் வந்தபோது, வேண்டா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், தோல் கையில் நிற்கும். ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். ஒரு கிலோவுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

"இன்னா, நல்ல நாளும் அதுவுமா தலைல பூவக் காணோம்? நா உசுரோடதாங் கீறேன்."

"வாய மூடிகினு குந்து. கையக் கழுவிட்டு நீயும் பிதுக்கு."

"ஆம்பளைக்குக் குடுக்கிற வேலையாடி இது?"

"துன்றதுக்கு மட்டும் ஆம்பள, பொம்பள பாக்க மாட்டியே. குந்துய்யா."

உட்கார்ந்தான். அவன் பிதுக்கிய முதல் பருப்பு கிண்ணத்தைத் தாண்டி அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. வேண்டா சிரிக்கவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"அந்தக் கொழந்தய எங்கய்யா பொதச்சீங்க?"

ஜானகிராமன் மொச்சையை உருட்டிக்கொண்டே இருந்தான். "அத்த எதுக்கு இப்ப கேக்குற? சார் சொல்லாதன்னுக்கீறாரு."

"நா உங்கிட்ட கேக்குறேன். சார்கிட்ட கேக்கல."

"மெட்ராஸ்ல. அவங்க ஆளுங்களுக்குன்னு சின்னதா ஒரு எடுகாடு கீது. மதில் சொவுரு, பூட்டு போட்ட கேட்டு. ஒரு பெரியவரு சாவி எட்த்தாந்து தொறந்தாரு. வேப்பமரத்தாண்ட மூலையில..." நிறுத்திவிட்டு, உருட்டிக்கொண்டிருந்த மொச்சையைக் கிண்ணத்தில் போட்டான். "செங்கல்பட்லருந்து மெட்ராஸ் வரிக்கும் மடியிலயே வெச்சிகினு வந்தாரு வேண்டா. நா பழக்கத்துல ஏசிய போட்டேன். 'ஏசி வேணாம் ஜானகி, குளிரும்'னாரு. நா உடனே அணைச்சிட்டேன். அப்பால அவரு ஒண்ணியும் பேசல. எனக்கு ரோடே தெர்ல."

வேண்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மொச்சைத் தோல் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"பேரு எதுனா வெச்சாங்களா?"

"வெக்காம? பேரு இல்லாம மண்ணு போடக் கூடாதுன்னாரு அந்தப் பெரியவரு. நோட்டுல எழுதணுமாம். இவரு ரொம்ப நேரம் நின்னாரு. அப்பால, அவிவான்னாரு. பெரியவருக்குக் காது மந்தம். மூணு தபா சொன்னாரு. அவிவா, அவிவா, அவிவா."

வேண்டாவின் விரல் நின்றது.

வயிற்றில் அஞ்சு மாசமாக இருக்கும்போதே மாடியில் இந்தச் சண்டை நடக்கும். பெண்ணாகப் பிறந்தால் அவிவா என்று வைக்க வேண்டும் என்பாள் சோஷனா. தன் பாட்டி பேர் மல்காவைத்தான் வைக்க வேண்டும், அம்மா சொல்லிவிட்டாள் என்பார் ரூபேன். சோஷனா கீழே வந்து, "அக்கா, நீயே சொல்லு, மல்கா நல்லாருக்கா, அவிவா நல்லாருக்கா?" என்று பஞ்சாயத்து வைப்பாள்.

"அப்ப அவ ஆசப்பட்ட பேருதான்யா வெச்சிக்கீறாரு!" என்றாள் வேண்டா. "அஞ்சு வாரமா அத்த வவுத்துல வெச்சிகினு அந்த ஆளு எப்படிய்யா அவ மூஞ்சியப் பாக்குறாரு? நீ எப்படிய்யா எங்கிட்ட சொல்லாம இருந்த?"

"பொம்பளைங்களுக்குச் சொன்னா மனசு ஒடஞ்சிடும்னு..."

"ஒடையிறது எங்களுக்குத் தெரியும். நீங்க போயி வேனத் தொடைங்க."

*

வேண்டா மீதி மொச்சையை முறத்தில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனபோது மூன்று மணி. இந்தத் தடவை தலையில் பூ இல்லை, நெற்றியில் சின்னப் பொட்டு மட்டும். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டாள். கதவருகில் நின்று எதுவும் சொல்லவில்லை.

ரூபேன் ஒரு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியில் உட்காரலாம் என்பது அவர்கள் முறை. சோஷனா எழுந்திருக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. ரூபேன் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"ஒரே ஒரு வாய். நோயாளி குடிக்கலாம், அதுக்கும் சட்டம் இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சட்டம் சட்டம்னு சொல்லாதே" என்றாள் சோஷனா. அதற்குமேல் சொன்னது மராத்தியில் இருந்தது.

வேண்டா ரூபேனைக் கண்ணால் வெளியே கூப்பிட்டாள். படி முனையில் வைத்து, குரலை ஏற்றாமல் கேட்டாள்.

"பேரு வெச்சியா சார்?"

இரண்டு வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. ரூபேன் முகம் வெளுத்தது. "ஜானகி சொன்னாரா?"

"யாரு சொன்னா இன்னா? அவளாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவளுக்கு அது ஒரு ஆளா ஆயிடும்மா. இப்போ வெறும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான். மறந்துடுவா. அம்மா அப்படித்தான் சொன்னாங்க." ரூபேன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தான் மறக்க முடியலை."

"சார், எங்கம்மாவுக்கு மூணு பொண்ணுக்கு அப்பால நாலாவதா நா பொறந்தேன். இனிமே பொண்ணே வேணாம்னு எனக்கு வேண்டான்னு பேரு வெச்சாங்க. கேட்டா சிரிப்பீங்க. ஆனா அந்தப் பேரச் சொல்லித்தான் சோறு துன்னக் கூப்ட்டாங்க, அந்தப் பேரச் சொல்லித்தான் காய்ச்சல்ல கெடக்கும்போது அழுதாங்க. எதுனா ஒரு பேரு வேணும் சார், கூப்ட்டு அழுறதுக்கு. நீ கோயிலுக்குப் பேரு சொல்லி அழுவுற. அவளுக்கு இன்னா குட்த்த?"

ரூபேன் தெருவைப் பார்த்தார். எதிரே தேவசகாயம் கடையில் ஆடிப் பெருக்குக் கூட்டம். பிறகு உள்ளே போனார்.

நாற்காலியைத் தாண்டிப் போய் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேண்டா நிலைப்படியருகே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மொச்சை பிதுக்க ஆரம்பித்தாள். பார்க்கவும் கூடாது, போகவும் மனசில்லை.

ரூபேன் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். அவிவா.

அப்புறம் சோஷனா ஏதோ கேட்டாள், ரூபேன் பதில் சொன்னார். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னார். மராத்திதான். ஆனால் ஓரக்கண்ணில் பட்ட அவள் கை போன போக்கிலேயே வேண்டாவுக்கு எல்லாம் விளங்கியது. என்ன துணி சுற்றினாய்? தலை எந்தப் பக்கம்? யார் கையில் வைத்திருந்தீர்கள்? ரூபேன் தன் மடியைத் தொட்டுக் காட்டினார். கடைசியாக ஏதோ சொல்ல வந்தவர் சொல்ல முடியாமல், குளிருக்குப் போர்த்துவதுபோல் இரண்டு கையையும் மடிமேல் பொத்திக் காட்டினார். ஏசி விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது சோஷனா கத்தினாள்.

வேண்டா பிறந்ததிலிருந்து எத்தனையோ ஒப்பாரி கேட்டிருக்கிறாள். இது அப்படி இல்லை. ராகம் இல்லை, வரிகள் இல்லை. ஒரே பேர். அதைச் சொல்லிச் சொல்லி, தரையில் உள்ளங்கையால் அறைந்து, ஐந்து வாரத்தை ஒரேயடியாக அழுதாள். ரூபேன் அவளைத் தடுக்கவில்லை. அவரும் கூடவே அழுதார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை எடுத்து நீட்டினார். சோஷனா தண்ணீரால் உதட்டை நனைத்துக்கொண்டு, மறுபடி அழுதாள்.

கடைசி மொச்சையும் பிதுக்கி முடிந்தது. வேண்டா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. படியிறங்கினாள்.

அழுகை தெருவரைக்கும் போயிருந்தது. மேலத்தெரு கல்யாணி கையில் முளைப்பாரித் தட்டோடு வாசலில் நின்று, "இன்னாண்ணா, நல்ல நாள்ல மேல யாரு அழுவுறது?" என்று ஜானகிராமனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேவசகாயம் தராசை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து வந்திருந்தார். அவர் பின்னால் வெல்லத்துக்கும் தேங்காய்க்கும் வந்த கூட்டம் கழுத்தை நீட்டியது.

வேண்டா நடுப்படியிலேயே நின்றுவிட்டாள். புருஷன் ஏதாவது சமாளித்துச் சொல்வான், டிவி சத்தம் என்பான் என்று நினைத்தாள்.

ஜானகிராமன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"மேல துக்கம்மா" என்றான். "ரூபேன் சாரு பொண்ணு தவறிடுச்சி. பேரு அவிவா. நாந்தான் வண்டி ஓட்டிகினு போனேன்."

கல்யாணி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையிலிருந்த பூவை எடுத்தாள். தேவசகாயம் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். திரும்பிப் போய், அந்த வருஷத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கிற சாயங்காலத்தில், கூட்டத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, கொக்கியை மாட்டிக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.